நண்பன் வேண்டாம், எழுதுகிறவர் போதும்

காவல் நிலைய வாசல்களில் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று எழுதியிருக்கும். 2020இல் இதே பெயரில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. தலைப்பைக் கேட்டதுமே படம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஓர் அரசுத் துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல் அந்தத் துறையைப் பற்றிய கிண்டலாகவும் ஆகிவிடுகிறது என்றால், அந்த வாசகத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

கோளாறு 'நண்பன்' என்ற சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கீழத்தஞ்சையைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களிலும், காவல் நிலையத்தை மையமாக வைத்து அண்மையில் வந்த சில படங்களிலும், போலீஸ்காரரும் சேரிக்காரரும் எதிரெதிரே நிற்கும் இடங்களைத் தொடர்ந்து கவனித்துவந்தேன். நம் படைப்புகள் போலீஸ்காரரைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் கற்பனை செய்கின்றன. ஒன்று, அடிக்கிறவர். இல்லையென்றால், அத்தனை பேருக்கு நடுவிலும் மனசாட்சியோடு இருக்கிற ஒரே ஓர் அதிகாரி. முதலாமவர் உண்மை. இரண்டாமவர் நம் ஆறுதல். டெல்டாவின் வரலாறு கேட்டுக்கொண்டே இருப்பது மூன்றாவது ஆள் ஒருவரை: எதிரே நிற்பவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறவர்.

பாதுகாப்புப் படைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் இடையிலான உறவு என்று பேசும்போது டெல்டாவில் ஒரு சிக்கல் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நாகப்பட்டினத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். மாநில சராசரியோ ஐந்தில் ஒருவர். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இவர்களைச் சிறுபான்மை என்று சொல்லவே முடியாது. ஆனால் ஸ்டேஷனில் ரைட்டரின் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. எத்தனை பேராக வந்தாலும் அங்கே அவர்கள் சிறுபான்மைதான்.

*

கீழத்தஞ்சையில் போலீஸ் யாருக்கும் நண்பனாக இல்லாமல் இருந்ததே கிடையாது. ஏற்கெனவே ஒரு தரப்புக்கு அது நெருங்கிய நண்பன். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

1940களில் பி. சீனிவாசராவ் வந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது, பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. தண்டிப்பவர் மிராசுதார். நீதிபதியும் அவரே, நிறைவேற்றுபவரும் அவருடைய ஆள். இந்த ஏற்பாட்டில் போலீசுக்கு வேலையே இல்லை. சங்கம் வந்து, பண்ணையாட்கள் நிமிர்ந்து நின்று 'அடிக்காதே' என்று சொன்ன பிறகுதான் போலீசுக்கு வேலை வந்தது. மிராசுதாரின் கையில் இருந்த சவுக்கு காக்கிக்காரரின் கைக்கு லத்தியாக மாறியது என்றே சொல்லலாம். 1940களின் கடைசியில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் இங்கே இறக்கப்பட்டது. மொழி வேறு, ஊர் வேறு. வந்து இறங்கியவர்களுக்கு யார் வீட்டுத் திண்ணை அகலமாக இருந்ததோ, அவர் சொன்னதுதான் நாட்டு நடப்பு. 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது என்றால் இனி சண்டை சட்டத்தின் மொழியில் நடக்கும் என்று பொருள். அந்த மொழி யாருக்குத் தெரியும்? நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் லெட்டர் பேடு இருந்தது, கார் இருந்தது, வக்கீல் இருந்தார். 1960களில் கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடையை முடித்தார்கள். அந்த அறுவடைக்குப் போலீஸ் காவல். ஒரு பக்கம் அது 'சட்டம் ஒழுங்கு'. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரருக்கு அது, தான் நட்ட நெல்லைத் தன் கண் முன்னால் வேறொருவர் அறுத்துப் போவதற்குத் துப்பாக்கியோடு நிற்கும் பாதுகாப்பு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நீதிமன்ற ஆவணங்கள் 42 என்கின்றன. எண்ணிக்கையிலேயே ஊருக்கும் காகிதத்துக்கும் இடையே இரண்டு உயிர் வித்தியாசம். அந்த இரவைப் பற்றி இரண்டு வழக்குகள் நடந்தன. ஒன்று குடிசையை எரித்த வழக்கு. மற்றொன்று, அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதற்காகத் தொழிலாளர்கள் மீது போட்ட வழக்கு. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காரணங்களில் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்: இவ்வளவு வசதி படைத்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

இந்தக் காரணத்தைப் பற்றி நிறையக் கோபப்பட்டாயிற்று. என் கவனம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நீதிபதிக்கு முன்னால் இருந்தது வெண்மணி அல்ல, வெண்மணியைப் பற்றிய காகிதங்கள். யார் பெயர் எப்போது எழுதப்பட்டது, யார் வாக்குமூலம் எத்தனை நாள் கழித்து வாங்கப்பட்டது, எது எதோடு முரண்படுகிறது என்பதெல்லாம் காகிதத்தில் தீர்மானமாகிற விஷயங்கள். எரிந்த குடிசையிலிருந்து உயர் நீதிமன்றம் வரைக்கும் போகிற அந்தப் பாதையில் முதல் பேனா போலீஸ்காரருடையது. அந்தப் பேனா நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியது.

*

வெண்மணியைப் பற்றிய புனைவுகளில் அதிகம் பேசப்பட்டது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து வந்த கோபாலின் கண் வழியே நாம் கிராமத்தைப் பார்க்கிறோம். நிலவுடைமையாளரான கண்ணையா நாயுடுவின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறைபாட்டை நாவல் ஒரு காரணமாக வைக்கிறது. வர்க்கக் கொலையை மனநோயாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் அப்போதே கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் சரிதான். கூடவே இன்னொன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. நாயுடுவின் மனதுக்குள் நுழைவதற்கு அவ்வளவு மெனக்கெட்ட நாவல், அவருடைய சொல் எப்படி அதிகாரபூர்வ உண்மையாக மாறுகிறது என்ற இயந்திரத்துக்குள் அதே அக்கறையோடு நுழைவதில்லை. ஒரு தனி மனிதரின் வக்கிரம் ஒரு குடிசையைக் கொளுத்தலாம். கொளுத்திய பிறகு விடுதலை பெற வக்கிரம் உதவாது. அதற்கு ஸ்டேஷன் வேண்டும், தாலுகா ஆபீஸ் வேண்டும், பத்திரிகையில் 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பு வேண்டும்.

1999இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. திருவாரூர்ப் பக்கத்துக்காரர். வெளியூர்க் கண் கிடையாது, டெல்லி விவாதம் கிடையாது. நடவும் அறுப்பும் கூலி நெல்லும் சங்கக் கூட்டமும் அந்த மண்ணின் பேச்சிலேயே வருகின்றன. 'குருதிப்புனல்' படித்துவிட்டு இதைப் படித்தால், ஒரே சம்பவத்தைத் தெருவில் நின்று பார்ப்பதற்கும் வயலில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு புரியும். ஆனால் இதன் பலமே இதன் எல்லையும். சேரி தன்னைத் தன் மொழியில் முழுமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த மொழி ஸ்டேஷன் வாசலைத் தாண்டி உள்ளே போகும்போது என்னவாகிறது என்ற கேள்வியை நாவலை மூடிய பிறகு நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்தவர் மீனா கந்தசாமி. ஆங்கிலத்தில் 2014இல் வந்த 'தி ஜிப்சி காடஸ்' நாவல், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதும் மனுவோடு தொடங்குகிறது. பயந்துபோன, பணிவான, அரசாங்கத்தின் பாதுகாப்பை நாடும் ஒரு குடிமகனின் மனு! கொலைகாரரின் குரலை இவ்வளவு மரியாதையான அலுவலக மொழியில் கேட்பது, கத்தியோடு ஒருவரைக் காட்டுவதைவிடப் பயமாக இருக்கிறது. பிறகு ஓர் அத்தியாயத்தில் பிணங்கள் பட்டியலாக வருகின்றன, விசாரணை அறிக்கை பாணியில். உடல் எண், வயது, எந்த அளவுக்கு எரிந்தது என்று. தீ வைத்தலைக் குறிக்கும் சட்டச் சொற்றொடர்தான் அத்தியாயத்தின் தலைப்பு. 'தீயினால் சொத்தழிப்பு' என்ற மாதிரியான ஒரு வறண்ட சொல். 44 பேர் அந்தச் சொல்லுக்குள் போய் அடங்கிவிடுகிறார்கள். இந்த நாவல் தன்னைப் பற்றியே அதிகம் பேசிக்கொள்கிறது, கதை சொல்வது எப்படி என்று கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் வாதாடுகிறது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் வெண்மணியில் நடந்த சண்டையின் ஒரு பாதி காகிதத்தில் நடந்தது என்பதைப் புரிந்துகொண்ட நாவல் இதுதான்.

பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த இரவைத் தாண்டி வந்தவர்கள் கேமராவின் முன் உட்கார்ந்து சொல்கிறார்கள். இடைமறிப்பு இல்லை, 'அதெல்லாம் வேணாம், விஷயத்துக்கு வா' என்ற அதட்டல் இல்லை. அதை ஆவணப்படம் என்பதைவிட, பல பத்தாண்டுகள் தாமதமாகப் பதிவான வாக்குமூலம் என்று சொல்வதே பொருத்தம். ஒரு ரைட்டர் அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு கலைஞர் பின்னால் வந்து செய்திருக்கிறார்.

*

காவலர், புகார், விசாரணை என்றால் தமிழில் நாம் சிலப்பதிகாரத்தைத் தாண்டிப் போக முடியாது. கோவலன் டெல்டாக்காரன், புகாரிலிருந்து பிழைக்க மதுரை போனவன். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை வைத்து அரசன் ஆள் அனுப்புகிறான். வந்த காவலர்களில் ஒருவருக்கு, இவனைப் பார்த்தால் கள்வன்போலத் தெரியவில்லையே என்று தயக்கம் வருகிறது. பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே களவு நூலைப் பற்றி ஒரு பாடமே நடத்துகிறான். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே குடிபோதையில் இருந்த ஒரு காவலன் வெட்டிவிடுகிறான்.

நல்ல போலீஸ் ஒருவர் அந்தக் கூட்டத்திலும் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவருடைய தயக்கம் கோவலனைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் அந்தத் தயக்கத்தைப் பதிந்துவைக்க ஓர் இடம் இல்லை. புகார் கொடுத்தவன் அரண்மனைக்கு நெருக்கமானவன். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும் என்கிற விதி எங்கேயும் இல்லை. நல்ல மனம் இருந்தது, நடைமுறை இல்லை.

'ஜெய் பீம்' (2021) படத்தைப் பார்க்கும்போது இந்தத் தயங்கிய காவலனின் ஞாபகம் வந்தது. 1993இல் கடலூர் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த ராஜாக்கண்ணு வழக்குதான் கதை. உண்மையில் பாதிக்கப்பட்டது குறவர் சமூகம், படத்தில் இருளர். சூர்யா வக்கீல் சந்துரு. பிரகாஷ்ராஜ் முறைப்பான, ஆனால் கடைசியில் நியாயத்தின் பக்கம் நிற்கிற உயர் அதிகாரி. படம் லட்சக்கணக்கானவர்களைக் கலங்கடித்தது, அது சாதாரண விஷயமில்லை. ஆனால் நினைவில் நிற்பது அடி, அழுகை, வக்கீலின் கோபம், அதிகாரியின் மனமாற்றம்.

உண்மை வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. ஒரு ஸ்டேஷனின் பதிவில் அந்த மனிதர் 'தப்பி ஓடினவர்'. மாவட்ட எல்லையைத் தாண்டி, மீன்சுருட்டிப் பக்கம், இன்னொரு ஸ்டேஷனின் பதிவில் ஓர் 'அடையாளம் தெரியாத பிணம்'. இரண்டு பதிவும் தனித்தனியே படித்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆட்கொணர்வு மனு என்ற ஒற்றைக் காகிதம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. என் தொழிலில் இதை டேபிள் ஜாயின் என்போம். தனித்தனி அட்டவணைகளில் பொய் ஒளிந்திருக்கும், சேர்த்துப் படித்தால் மாட்டிக்கொள்ளும். 2006இல் காவலர்களுக்குத் தண்டனை கிடைத்ததற்குப் பின்னால், விடாமல் நின்ற அந்த மனைவியும், அவருக்காகக் காகிதங்களைத் துரத்தியவர்களும் இருக்கிறார்கள். ஒரு நல்ல அதிகாரியின் மனமாற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பிணம் இன்றும் அடையாளம் தெரியாததாகவே இருந்திருக்கும்.

*

'ஜெய் பீம்' வந்த அடுத்த மாதம், 2021 டிசம்பரில், பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' வந்தது. அதில் பாதிகூடப் பேசப்படவில்லை. எனக்கு இதுதான் பெரிய படம்.

தங்கராஜ் திருவெறும்பூர் ஸ்டேஷனில் ரைட்டர். கல்லணைக்குப் போகிற வழி, டெல்டாவின் வாசற்படி. ரிட்டயர் ஆகிற வயது. சமுத்திரக்கனியை நாம் உபதேசம் செய்கிறவராகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே அவர் தொப்பையும் தளர்ந்த நடையுமாக, எதையும் பெரிதாகச் சொல்லாமல் வந்து நிற்கிறார். போலீஸ்காரர்களுக்கும் சங்கம் வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அதற்குத் தண்டனையாகச் சென்னைக்கு மாற்றுகிறார்கள். அங்கே சட்டவிரோதமாகப் பிடித்துவைக்கப்பட்ட தேவகுமார் என்ற ஆராய்ச்சி மாணவனுக்குக் காவல் இருக்கும்படி ஆகிறது. அந்த மாணவன் செய்த குற்றம், காவலர்களின் தற்கொலைகளைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டது.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போலீஸ்காரர் ஏன் சாகிறார் என்று கேட்டவனைப் போலீஸ் பிடித்துவைக்கிறது. அவனைக் காவல் காப்பவர், போலீஸ்காரருக்குச் சங்கம் வேண்டும் என்று கேட்டவர். இருவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். 1940களின் பண்ணையாளுக்குச் சங்கம் எதைக் கொடுத்ததோ அதையேதான் தங்கராஜும் கேட்கிறார்: நிமிர்ந்து பேச ஓர் இடம். டெல்டாவின் மேல் படிந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இது லேசான விஷயமாக இருக்காது. சங்கத்தை உடைக்க அனுப்பப்பட்ட காக்கியின் வாரிசு, முக்கால் நூற்றாண்டு கழித்துத் தனக்கொரு சங்கம் வேண்டும் என்று கோர்ட் படி ஏறுகிறார்.

அந்த மாணவன்மேல் வழக்கை எப்படி ஜோடித்தால் நிற்கும் என்பதற்கு வழி சொல்வதும் இதே தங்கராஜ்தான். கெட்ட எண்ணத்தால் இல்லை, கைப்பழக்கத்தால். முப்பது வருஷமாக இப்படித்தான் எழுதியிருக்கிறார். ஒரு மனிதனை எந்தப் பிரிவுக்குள் எந்த வாக்கியத்தால் நுழைப்பது என்ற தொழில் ஞானம் அவருக்கு இருக்கிறது. அடிக்கிற போலீசைவிட இந்தக் காட்சி பயங்கரம். லத்தி அடியின் தழும்பு ஆறும், எஃப்.ஐ.ஆரில் விழுந்த வாக்கியம் ஆறாது. நம் படங்களில் வன்முறை எப்போதும் லாக்கப்பில் நடக்கும். 'ரைட்டர்' அதை மேஜைக்குக் கொண்டுவந்தது.

குறைகளும் உண்டு. பிற்பகுதியில் படம் தங்கராஜின் குற்றவுணர்வை நோக்கித் திரும்பிவிடுகிறது, மாணவனும் அவன் குடும்பமும் அந்தக் குற்றவுணர்வைத் தூண்டுவதற்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறார்கள். குதிரைப்படையில் சேர்ந்தும் சாதியின் பெயரால் குதிரை ஏற மறுக்கப்படும் பெண் காவலரின் கிளைக்கதை, தனிப் படமாக வர வேண்டியது. இங்கே அது உணர்ச்சிகரமான ஒரு படிமமாக முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கிளைக்கதை ஒரு முக்கியமான நம்பிக்கையின் மேல் கை வைக்கிறது: எங்கள் ஆட்களும் போலீசில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை.

*

இந்த நம்பிக்கை வலுவானது, உலகம் முழுக்க உண்டு. வட அயர்லாந்தில் பத்து சதவீதத்துக்கும் குறைவான கத்தோலிக்கர்களே இருந்த பழைய போலீசை மாற்றி, 2001இல் புதிய பெயரில் படை அமைத்து, பத்து ஆண்டுகள் பாதிக்குப் பாதி கத்தோலிக்கரைச் சேர்த்தார்கள். அங்கே அது பலன் தந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலை ஓரளவு ஏற்கெனவே நடந்திருக்கிறது. இட ஒதுக்கீட்டால் சேரியிலிருந்து காக்கி போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிறகு ஏன் வாசலில் நிற்பவரின் அனுபவம் மாறவில்லை? 

டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்தவை அதே வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று இளைஞர்களின் பெயர்கள். அவர்களில் ஒருவர் காவலர். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. உண்மை எது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் புகார் கொடுத்த தெரு குற்றம் சாட்டப்பட்ட தெருவாக மாறுவது என்பதை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஆகவே அந்தக் குற்றப்பத்திரிகை நாளைக்கு நிரூபணமே ஆனாலும் சரி, அதை நம்புவதற்குத் தேவையான பழைய சேமிப்பு எதுவும் அந்தத் தெருவிடம் இல்லை. நம்பிக்கையின்மையின் விலை இதுதான்.

அரசாங்கத்துக்கு நம்பிக்கையின்மை தெரியாமல் இல்லை. அதற்கு அது கண்டுபிடித்த மருந்துதான் நட்பு. வாலிபால் போட்டி, மருத்துவ முகாம், நோட்டுப் புத்தகம், நல்லுறவுக் கூட்டம். 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இந்த எண்ணத்தின் உச்சம். பிற நாடுகளில்கூடப் பாராட்டினார்கள். அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் தலித்துகள் இறந்தார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்த விவகாரத்தில் இந்த 'நண்பர்கள்' பெயரும் அடிபட, அந்த ஆண்டு ஜூலையில் அரசே அமைப்பைத் தடை செய்தது. ஸ்டேஷனுக்குள் உரிமையோடு போய்வரக்கூடிய உள்ளூர்க்காரர் யாராக இருப்பார் என்று யோசித்தால் இது ஆச்சரியமில்லை. திண்ணை அகலமாக இருந்தவர்தான் எப்போதும் நண்பர். 

சேரிக்காரர் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் மனப்பாடம். "இருங்க, அய்யா வரட்டும்." அய்யா வருவார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க." எழுதியதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நிக்காதுப்பா, வேற மாதிரி எழுது." எஃப்.ஐ.ஆர். கேட்டால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கப்பட்டுவிடும். அது கவுண்டர் கேஸ். பிறகு தாசில்தார் ஆபீசில் சமாதானக் கூட்டம். "ரெண்டு பேர் மேலயும் கேஸ் இருக்கு, பேசித் தீத்துக்கங்க." 1968இன் இரண்டு வழக்குகளும் இப்படிச் சின்னச் சின்னதாக இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் நிறவெறிக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்து உயிர் தப்பிய நண்பரையே போலீஸ் சந்தேகத்தோடு நடத்தியது. 1999இல் வந்த மாக்பர்சன் அறிக்கை நட்பை முதல் மருந்தாகச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை நிறவெறிச் சம்பவம் என்று உணர்ந்தால், அது அப்படியே பதிவாக வேண்டும், அப்படியே விசாரிக்கப்பட வேண்டும் என்றது. நம்புகிறாயா இல்லையா என்பது பிறகு, முதலில் எழுது.

நம்மிடமும் அப்படி ஒரு விதி இருக்கிறது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, காவலரின் கடமைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அதில் முதலாவது: வாய்மொழியாகச் சொன்னதை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன், சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு வழக்குப் பதிய வேண்டும், நகல் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே செய்யத் தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டைப் பதிய நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று சட்டமே ஒரு தாழ்ப்பாளும் வைத்திருக்கிறது. துறையைப் பற்றித் துறையே முதலில் எழுத வேண்டும்.

இந்த விதியைக் கலைப்படைப்புகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் நம் புனைவில் எது விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தெளிவானது. டெல்டாவைப் பற்றி இத்தனை நாவல் இருக்கிறது. எரிகிற குடிசை இருக்கிறது, அடிக்கிற போலீஸ் இருக்கிறார், மனம் திருந்துகிற போலீசும் இருக்கிறார். ஒரு பெண் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார், எழுதி முடித்ததும் காகிதத்தைக் கையில் எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டுகிறார், "இல்லைங்க, நான் அப்படிச் சொல்லல" என்று அவள் ஓர் இடத்தில் நிறுத்துகிறாள், அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். இப்படி ஒரு காட்சியை நான் எந்தத் தமிழ் நாவலிலும் படித்ததில்லை, எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதில் அந்தப் போலீஸ்காரர் அவள்மேல் பிரியமாக இருக்க வேண்டியதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டேகூட எழுதட்டும். அவள் வீட்டுக்கு விருந்துக்கு வர வேண்டாம், வாலிபால் ஆட வேண்டாம். எதிர்த்த வீட்டு மிராசுதாரருக்கு அவர் எவ்வளவு அந்நியரோ அதே அளவுக்கு அவளுக்கும் அந்நியராக இருந்தால் போதும்.

யதார்த்தவாத நாவல் இதை எழுதாததற்குக் காரணம், யதார்த்தத்தில் இது அரிதாக இருப்பதுதான் என்று சொல்லலாம். சாணிப்பாலை மறுத்து முதல் பண்ணையாள் நிமிர்ந்து நின்றபோது அதுவும் அரிதாகத்தான் இருந்தது. தங்கராஜைப் போல ஒரு ரைட்டரை நம்மால் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது. அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குறுக்கே மறித்துத் திருத்துகிற அந்தப் பெண்ணை அடுத்து யாராவது எழுத வேண்டும்.